வெற்றிலையில் தெரிந்த முதுகு

பூந்தமல்லி கோர்ட்டில் நான் வக்கீல் தொழில் பார்த்த வருஷங்களில் மாஜிஸ்திரேட்டுகள் எத்தனையோ பேர் வந்து போனார்கள். சட்டம் தெரியாதவர்கள் இருந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. தூங்கி வழிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களால் பெரிய கெடுதலும் இல்லை. சட்டம் நன்றாகத் தெரிந்தும், கோர்ட்டுக்குக் கிளம்பும்போது அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த ஒருவர் இருந்தார். அவரை நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது.

அப்போது யுத்தம் தொடங்கியிருந்தது. நூம்பல் பக்கத்தில் ஒரு முதலியார், பெரிய மிராசுதார். அவருடைய மகளுக்கு வளைகாப்பு நடந்தது. வீடு கொள்ளாமல் உறவுக்காரர்கள் வந்து தங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு பார்த்தால், மிராசுதார் மனைவியின் தங்க ஒட்டியாணத்தைப் பெட்டியில் காணோம். வந்து தங்கியவர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சம்பந்தி வீட்டாரைக் கேட்டால் கௌரவக் குறைச்சல் அல்லவா? மிராசுதார் வண்டி அனுப்பி, குன்றத்தூர் பக்கத்திலிருந்து மை போடுகிறவர் ஒருவரை வரவழைத்தார்.

வெற்றிலையின் மேல் கறுப்பு மையைப் பளபளவென்று தடவி, மந்திரத்தை முணுமுணுத்து, அதற்குள் உற்றுப் பார்த்தால் திருடனுடைய உருவம் தெரியும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. படித்தவர்களும் நம்பினார்கள். படிக்காதவர்களாவது வெட்கப்பட்டுக்கொண்டு நம்பினார்கள். படித்தவர்களுக்கு அதுவும் இல்லை. வந்தவர் நெற்றி நிறையக் குங்குமமும், நன்றாக வளர்ந்த வயிறுமாக இருந்தார். முதலில் வயிறாரச் சாப்பிட்டார். பிறகு ஊர் கூடி நிற்க, வெற்றிலையை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துச் சொன்னார்: "கறுப்பா ஒருத்தன். தோள்ல துண்டு. தண்ணிக்குப் பக்கத்துல நிக்கறான்."

இந்த அடையாளத்தை வைத்துச் செங்கல்பட்டு ஜில்லாவில் பாதிப் பேரைப் பிடித்து உள்ளே போடலாம். கறுப்பில் நானே சேர்த்தி. மிராசுதாருக்கு அந்தக் குழப்பமெல்லாம் வரவில்லை. அவருடைய கழனிக் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிறவன், கூட்டத்துக்கு வெளியே, சேரிக்காரர்கள் நிற்க வேண்டிய இடத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோர் தலையும் அவன் பக்கம் திரும்பியது.

அவன்தான் என் கட்சிக்காரன்.

அவனுடைய மனைவி என்னைத் தேடி வந்தபோது அவன் பூந்தமல்லி சப் ஜெயிலில் இருந்தான். ஒல்லியான பெண். கோர்ட்டுத் தாழ்வாரத்தில் மற்ற வக்கீல்கள் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டுவிட்டு, கடைசியாக என்னிடம் வந்தாள். மற்றவர்கள் மறுத்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். மிராசுதாருக்கு முனிசீப் கோர்ட்டில் எப்போதும் நில வழக்கு ஏதாவது ஒன்று இருக்கும். அந்த வக்கீல்மார் அத்தனை பேரும் அந்த வழக்குக் கட்டைத் தங்கள் கையில் வாங்க ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நியாயம், தர்மம் என்று ஜட்ஜு முன்னால் மேஜையைத் தட்டிய அதே கைகள்தான்.

"சாமி, எங்கூட்டுக்காரரு எடுக்கல. அந்த ஊட்டு வாசப்படிய கூட மிதிச்சதில்ல. மாட்டுக் கொட்டா வரிக்கும்தான் எங்களுக்கு வழி. பொட்டி எந்தப் பக்கம் கீதுன்னு கூட அதுக்குத் தெரியாது" என்றாள்.

"பிறகு ஏன் ஒப்புக்கொண்டான்?"

"ஒத்துக்கல சாமி. அடிச்சாங்க. அது இன்னாவோ சொல்லிச்சு. நீயே போய்க் கேளு."

போய்க் கேட்டேன். உயரமான ஆள், ஒவ்வொரு வார்த்தையையும் யோசித்து மெதுவாகப் பேசினான். உள்ளங்கால் இரண்டும் வீங்கியிருந்ததால் தானாக எழ முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஏட்டய்யா அடிச்சாரு சாமி. மையில நீதான் தெரிஞ்ச, ஒத்துக்கோன்னாரு. நான் எடுக்கலன்னேன். மறுக்கா அடிச்சாரு. மை பொய் சொல்லுமாடான்னு கேட்டாரு. மை எப்டி சாமி பொய் சொல்லும்? அதான், மையில நான் தெரிஞ்சிருந்தா நான்தான் எடுத்திருப்பேன்னு சொன்னேன்."

"நீ எடுத்தாயா?"

"இல்ல சாமி."

"எடுக்காதவன் எப்படி எடுத்திருப்பாய்?"

"அதான் எனக்கும் வெளங்கல" என்றான். பிறகு, "நக எங்கடான்னு கேட்டாரு. அத்தயும் மையிலயே கேட்டுக்கங்கன்னேன். அதுக்குத்தான் இந்தக் காலு" என்று பாதத்தைக் காட்டினான். அவன் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே நல்ல யோசனை என்று நினைத்துத்தான் ஏட்டுக்குச் சொல்லியிருக்கிறான்.

போலீஸ்காரரிடம் ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது கோர்ட்டில் செல்லாது என்று சட்டம் இருக்கிறது. ஏட்டுக்கும் அது தெரியும். எனவே அவர் மிராசுதாரைப் போலீஸ் சாவடிக்கு வரவழைத்தார். வந்ததும் தனக்குத் தாகமாக இருக்கிறது என்று தண்ணீர் குடிக்க வெளியே போனார். உள்ளே என் கட்சிக்காரன் மறுபடியும் அதே வார்த்தையை மிராசுதாரிடம் சொன்னான். அவர் கேட்டு முடிக்கும் வரைக்கும் ஏட்டு வெளியே தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு குடித்திருந்தால் அந்த வருஷம் பூந்தமல்லிக் கிணறுகளில் தண்ணீர் மிஞ்சியிருக்காது. ஆக, குற்றத்தை ஒப்புக்கொண்டது போலீஸிடம் அல்ல, ஒரு கண்ணியமான மிராசுதாரிடம் என்று கேஸ் தயாராகிவிட்டது. "நான்தான் எடுத்திருப்பேன்" என்பது வரும் வழியில் "நான்தான் எடுத்தேன்" ஆகியிருந்தது.

வழக்கு எடுக்கப்பட்ட அன்று, முதல் சாட்சியைக் கூப்பிடுவதற்கு முன்பே நான் எழுந்தேன். இரண்டு விஷயங்களைச் சாட்சியமாக ஏற்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். ஒன்று, மை போட்டவர் வெற்றிலையில் பார்த்ததாகச் சொல்லும் சமாசாரம். கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும்தான் சாட்சி. மையில் கண்டது சாட்சியாகாது. இன்னொன்று, போலீஸ் காவலில் இருந்தவன் மிராசுதாரிடம் சொன்ன வார்த்தை. காவலில் இருக்கிறவன் யாரிடம் சொன்னாலும், மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னால் ஒழிய அது செல்லாது. ஏட்டு வாசலுக்கு வெளியே நின்றால் காவல் முடிந்துபோய்விடுமா என்று கேட்டேன். இவை இரண்டும் போனால் வழக்கில் மிச்சம் ஒன்றுமே இல்லை என்பதையும் சொன்னேன்.

அரசுத் தரப்பில் வழக்கை நடத்திய கோர்ட்டு இன்ஸ்பெக்டர் எழுந்து பதில் சொல்லக்கூட இல்லை. மாஜிஸ்திரேட்டின் முகத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

மாஜிஸ்திரேட் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். "வக்கீல் சார் சொல்வது புத்தகத்தில் இருக்கிறது. நானும் படித்திருக்கிறேன். ஆனால் எதையும் முன்கூட்டியே தள்ளுவானேன்? எல்லாம் ரெக்கார்டில் ஏறட்டும். எது செல்லும், எது செல்லாது என்று கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்."

"உள்ளே வந்த பிறகு வெளியே தள்ளுவது கஷ்டம், யுவர் ஹானர். காதில் விழுந்தது விழுந்ததுதான்."

"என் மனதின்மேல் உமக்கு நம்பிக்கை இல்லையா?" என்று சிரித்தார். பிறகு பெரிய மனது பண்ணி, ஒரு நண்பரிடம் சொல்வதைப் போலச் சொன்னார்: "மை என்றால் முழுதும் பொய் என்று சொல்லிவிட முடியாது. எங்கள் மாமனார் வீட்டில் ஒரு கறவைப் பசு காணாமல் போய், மை போட்டுத்தான் கிடைத்தது. திசை உள்படச் சொன்னார்கள்."

அந்தப் பசு மேயப்போன திசையைச் சொல்ல மை எதற்கு என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. மறுபடியும் சட்டத்தையே எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் பின்னாலிருந்து, குற்றவாளிக் கூண்டிலிருந்து, அந்த மெதுவான குரல் கேட்டது.

"சாமி, மைய வாணாங்காத சாமி."

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. அவன் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அத்தத் தள்ளிட்டா எம்மேல வுழுந்த பழி எப்டிப் போவும்? அவரு இன்னொரு தபா பாக்கட்டும். இங்கியே, எல்லாரும் பாத்துகினு இருக்கசொல்லோ பாக்கட்டும். நான் எடுக்கல. மையி நல்லாப் பாத்தா அதுவே சொல்லும்."

"வாயை மூடு" என்றேன்.

மாஜிஸ்திரேட்டுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "பாரும், வக்கீல் சார்! உம்முடைய கட்சிக்காரனே வேண்டும் என்கிறான். நீர்தான் வேண்டாம் என்கிறீர். நான் யார் பேச்சைக் கேட்பது?" கோர்ட்டு இன்ஸ்பெக்டர் சிரித்தார். குமாஸ்தா சிரித்தார். மிராசுதாருடைய வழக்குக்குக் காத்திருந்த என் சகோதர வக்கீல்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்காமல் இருந்தது அவன் மனைவி ஒருத்திதான். தாழ்வாரத்தில் நின்றபடி, பட்டென்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

என் விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. மை போட்டவர் கூண்டேறினார். குங்குமம் இன்னும் பெரிதாயிருந்தது. மையில் ஆளைக் கண்டதாக அவர் சொன்னது ஒரு வார்த்தை பிசகாமல் ரெக்கார்டில் ஏறியது. என் முறை வந்ததும் கேட்டேன்.

"மையில் தெரிந்த ஆளின் முகம் எப்படி இருந்தது?"

"மொகம் தெரியாதுங்க. முதுகுதான் தெரிஞ்சது."

"முதுகைப் பார்த்து இவன்தான் என்று எப்படிச் சொன்னீர்?"

"நான் எங்கீங்க சொன்னேன்? 'நம்ம தண்ணி எறைக்கறவனா பாருங்க'ன்னு முதலியாருதான் கேட்டாரு. ஆமான்னு மையி தலையாட்டுச்சு."

"மையா தலையாட்டியது?"

"மையில இருந்த ஆளு."

"முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவன் தலையாட்டினானா?"

"ஆமாங்க."

வேறு எந்த நாட்டிலாவது இதோடு வழக்கு முடிந்திருக்கும் என்று நினைத்து உட்கார்ந்தேன். மாஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டு, "மனிதர் மந்திர சாஸ்திரம் பேசுகிறார், நீர் சட்டம் கேட்கிறீர்" என்றார். முதுகும் தலையாட்டலும் ரெக்கார்டில் ஏறவேயில்லை. எல்லாம் ஏறட்டும் என்று காலையில் சொன்னவர் அவர்தான்.

பிறகு மிராசுதார் வந்து, ஆள் தன்னிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொன்னார். "எடுத்தேன் என்றானா, எடுத்திருப்பேன் என்றானா?" என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதானே. சேரி ஆளு பேசறதுல இலக்கணமா பாக்கறது?" என்றார். வீட்டுக்குள் அவன் என்றைக்காவது வந்ததுண்டா என்று கேட்டேன். "சே! உள்ள எப்டி வுடுவோம்?" என்று அருவருத்துக்கொண்டார். வீட்டுக்குள் நுழையவே முடியாதவன், இத்தனை உறவுக்காரர்கள் நடமாடுகிற வீட்டில், உள்ளறைப் பெட்டியிலிருந்து ஒட்டியாணத்தை எடுத்தான் என்று அதே வாயால் சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

தீர்ப்பு வந்தது. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றவர் கடைசியில் பார்த்த லட்சணம் இது: குற்றத்தைக் கைதி ஒப்புக்கொண்டதால் மை உண்மை என்று தெரிகிறது, மையில் கைதி தெரிந்ததால் அவன் ஒப்புக்கொண்டதும் உண்மை என்று தெரிகிறது. இரண்டு குடிகாரர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்த கதை. வீட்டுக்குள் வர அனுமதியில்லாதவன் என்ற என் வாதத்துக்கும் பதில் எழுதியிருந்தார். திருடப் போகிறவன் அனுமதி கேட்டுப் போவதில்லையாம். இங்கிலீஷ் நன்றாக இருந்தது. அதில் அவருக்குப் பெருமை உண்டு.

அப்பீல் செய்தேன். சைதாப்பேட்டையில் அதைக் கேட்டவர் சீமையிலிருந்து வந்து அதிக காலம் ஆகாத ஒரு துரை. நான் நிறையப் படித்துத் தயாராகப் போயிருந்தேன். அவர் தலை நிமிரவே இல்லை. கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்பைப் புரட்டினார். ஒரு இடத்தில் நிறுத்தி, "மை என்றால் என்ன?" என்று கேட்டார். விளக்கினேன். உரக்கச் சிரித்தார். அருகில் நின்ற குமாஸ்தாவையும் பார்த்துச் சிரித்தார். குமாஸ்தாவும் வேலைக்குப் பயந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் மை போட்டவருக்கு மட்டும் பங்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எனக்கும், என் கட்சிக்காரனுக்கும், இந்தப் பக்கத்தில் பிறந்த அத்தனை பேருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் இருந்தது.

"இதைத் தள்ளிவிட்டால், காவலில் சொன்னதையும் தள்ளிவிட்டால், வேறு என்ன இருக்கிறது?" என்று அரசுத் தரப்பைக் கேட்டார்.

"வேறு ஒன்றுமில்லை."

"சரி. விடுதலை." அடுத்த கட்டை எடுத்துக்கொண்டார். நான் படித்துக்கொண்டு போனதில் ஒரு வரிகூடப் பேசவில்லை. பூந்தமல்லியில் தொண்டை வறளக் கேட்டுக் கிடைக்காதது இங்கே ஒரு சிரிப்பில் கிடைத்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். படியிறங்கும்போது காறித் துப்ப வேண்டும் போலத்தான் இருந்தது.

விடுதலையான செய்தியைச் சொன்னதும் அவன் கேட்ட முதல் கேள்வி: "அப்ப மையி இன்னா சொல்லிச்சி சாமி?"

"மையைக் கோர்ட்டு கேட்கவில்லை. தள்ளிவிட்டது."

அவன் முகம் விழுந்துவிட்டது. "நான் எடுக்கலன்னு யாரும் சொல்லலியா?"

சொல்லவில்லை. அதுதான் நிஜம். சாட்சியமில்லை என்றுதான் துரை எழுதியிருந்தார். மிராசுதார் ஊரில் அதையே எடுத்துக்கொண்டார். "கோர்ட்டு மைய கேக்கல. கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும் சேதி" என்று போகிற இடமெல்லாம் சொன்னார். யாரும் அவனைக் கழனியில் கூப்பிடவில்லை. அவனுடைய சொந்த சனங்களே தங்கள் தட்டுமுட்டுச் சாமான்களை அவன் கண்ணில் படாமல் எடுத்து வைத்தார்களாம். அந்த ஒட்டியாணத்தை யார் எடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாரும் தேடவில்லை. மை சொன்ன பிறகு தேடுவதற்கு என்ன இருக்கிறது? எடுத்தவர் யாராக இருந்தாலும், மிராசுதார் வீட்டுப் பந்தியில் பாயசம் பரிமாற அதற்கப்புறமும் உட்கார்ந்திருப்பார்.

புருஷனும் பெண்சாதியும் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். ஆவடியில் பட்டாளத்து முகாம் கட்டிக்கொண்டிருந்த நேரம். மண் சுமக்க ஆள் வேண்டியிருந்தது. யார், எந்த ஊர் என்று அங்கே கேட்பார் இல்லை. மாஜிஸ்திரேட்டுக்குச் சீக்கிரமே பெரிய உத்தியோகம் கிடைத்துத் தெற்கே மாற்றலாகிப் போனார். வழியனுப்பு விருந்தில் என் சகோதர வக்கீல்கள் அவருடைய நியாய உணர்வைப் புகழ்ந்து பேசினார்கள். நானும் போயிருந்தேன். மாலைக்கு அடியில் அவருடைய கழுத்தே தெரியவில்லை. மை போட்டவருக்குத்தான் உண்மையான ஆதாயம். சர்க்கார் சாட்சியாகக் கூண்டேறியவர் என்று பேர் பரவி, அம்பத்தூரிலிருந்தெல்லாம் அவருக்கு வண்டி வர ஆரம்பித்தது.

சில வருஷம் கழித்து ஒரு காலையில் ஆவடி ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது அவர்கள் இருவரும் என்னைப் பார்த்துவிட்டு வந்தார்கள். நெமிலிச்சேரியில் குடிசை போட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். அவன் பட்டாளத்தார் கொடுத்த பழைய காக்கி நிஜாரில் இருந்தான். உடம்பு தேறியிருந்தது.

"நல்லா கீறேன் சாமி" என்றான். பிறகு, "அவருகிட்டப் போனேன்" என்றான்.

"எவரிடம்?"

"மை போடறவருகிட்ட. இன்னொரு தபா பாத்து, எம் பேரு இல்லன்னு சொல்லுங்கன்னு கேட்டேன். கோர்ட்டுல தீர்ப்பான கேஸுல நான் மை போட மாட்டேன், அது சட்ட விரோதம்னுட்டாரு."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. யார்மேல் ஆத்திரம் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவன் மனைவி அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னும் அத்தயே பேசிகினு கீது பாரு சாமி. யோவ், அந்த வெத்தலையில ஆண்டை ஊட்டு மனுசன் மூஞ்சி எப்பனா தெரிஞ்சிகீதா? அது தெரியவே தெரியாதுய்யா. நீ பத்து தபா பாத்தாலும் நம்ம முதுகுதான் தெரியும்."

அவள் சொன்னதை அவன் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. ரோட்டில் முகாம் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. "வரேன் சாமி" என்று அவன் ஓடிப் போய்ப் பின்பக்கம் தாவி ஏறினான். அவள் தன் மண்கூடையை உள்ளே வீசி, அவன் நீட்டிய கையைப் பிடித்து ஏறிக்கொண்டாள். லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு முகாம் பக்கம் திரும்பியது.